12.9 கிலோஓம் எங்கேயிருந்து வந்தது?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். இருபரிமாண இடத்தியல் பொருட்களில் இலத்திரன் ஓடும் விதம் பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். தகட்டின் உட்பகுதி காவலி, ஓரம் மட்டும் கடத்தி, அந்த ஓரத்தில் ஒரு ஸ்பின் (இலத்திரனின் தற்சுழற்சி போன்ற ஒரு குணம்) உள்ள இலத்திரன்கள் ஒரு பக்கமும் எதிர் ஸ்பின் உள்ளவை மறுபக்கமும் "தடையே இல்லாமல்" ஓடும் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பந்தி தள்ளி, பரிசோதனையில் அளந்த தடை 12.9 கிலோஓம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசி வாங்குப் பொடியன் ஒருவன் எழும்பி, "ரீச்சர், தடை இல்லையென்றால் இந்த 12.9 எங்கேயிருந்து வந்தது?" என்றான். ஏதோ மீகடத்தி மாதிரி என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். "அப்படியென்றால் பூச்சியம்தானே வரவேண்டும்" என்று விடாமல் நின்றான். இன்னொரு பிள்ளை, உருவத்தை எப்படி வளைத்தாலும் ஓட்டைகளின் எண்ணிக்கை மாறாது என்பதுதான் இடத்தியல் என்று நீங்கள் காட்டிய வடை உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தகட்டில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்கிறாள். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து, இதனால் எங்களுக்கு என்ன பயன் என்றார்கள். பதில் தந்தால் புண்ணியம். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள ரீச்சருக்கு,

பொடியன் சொல்வது சரி, நான் எழுதியது பிழை. "திரும்பாமல் ஓடும்" என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் "தடையே இல்லாமல்" என்று எழுதிவிட்டேன். எழுத இலகுவான சொல், வாசிக்கவும் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அவனிடம் இதையும் சொல்லுங்கள். இதே கேள்விக்குப் பெரிய ஆட்களே பல வருடம் அடிபட்டிருக்கிறார்கள். இலத்திரன் எங்கும் மோதித் திரும்பாத கடத்தியின் தடை பூச்சியம் என்பது ரொல்ஃப் லண்டவர் 1957இல் எழுதிய சூத்திரத்தின் முடிவு. 1980களின் தொடக்கத்தில் வேறு சிலர் கணக்குப் போட்டபோது பூச்சியம் வரவில்லை, குறிப்பிட்ட ஒரு பெறுமானம் வந்தது. எது சரி என்று கட்டுரைக்கு மேல் கட்டுரை. கடைசியில் இரண்டுமே சரி என்று தெளிந்தது. ஒன்று கடத்திக்கு உள்ளே உள்ள தடை, மற்றது கடத்தியையும் அதன் இரண்டு முனைகளில் உள்ள தொடுப்புகளையும் சேர்த்து வரும் தடை.

2002 முதல் 2006 வரை ஏ9 வீதி திறந்திருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் பிள்ளைகள் அதைக் கண்டிருக்க மாட்டார்கள், வீட்டில் கேட்டுப் பார்க்கட்டும். வவுனியாவில் இருந்து யாழ்ப்பாணம் போக எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், நாங்கள் கிலோமீற்றரையா சொன்னோம்? ஓமந்தைச் சோதனைச் சாவடியில் எவ்வளவு நேரம், முகமாலைச் சாவடியில் எவ்வளவு நேரம் என்றுதான் சொன்னோம். பஸ்ஸால் இறங்கி, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நின்று, மறுபடி ஏறி. நடுவில் வீதி கிடங்கும் மேடுமாக இருந்தது வேறு கதை. சாதாரண செப்புக் கம்பிதான் அந்தக் கிடங்கு வீதி. நீளம் இரண்டு மடங்கானால் தடையும் இரண்டு மடங்கு என்று நீங்கள் படிப்பிப்பது அதைத்தான். இடத்தியல் பொருளின் ஓரத்தில் கிடங்கு இல்லை. சாவடி இருக்கிறது.

உலோகத் தொடுப்புக்குள் இலத்திரன்கள் எண்ணற்ற வரிசைகளில் நிற்கின்றன. ஓரத்தில் இருப்பதோ ஒரு திசைக்கு ஒரே ஒரு வரிசை. அகலத்தில் இருந்து ஒடுக்கத்துக்குள் நுழையும் இடத்திலும், மறுபடி அகலத்துக்குள் இறங்கும் இடத்திலும் தடை உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தடையின் அளவு பொருளைப் பொறுத்ததல்ல, நீளத்தைப் பொறுத்ததுமல்ல. பிளாங்கின் மாறிலியை இலத்திரன் ஏற்றத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அது, 25,812.8 ஓம். பிள்ளைகள் கையாலேயே வகுத்துப் பார்க்கட்டும். யூல் செக்கனில் தொடங்கியது ஓமில் வந்து நிற்பதைக் காண்பது ஒரு தனிச் சந்தோஷம். ஒரு தகட்டுக்கு இரண்டு ஓரம். இரண்டும் சமாந்தரம். ஆகவே பாதி, 12.9 கிலோஓம். சூடு பிறப்பதும் ஓரத்தில் அல்ல, தொடுப்புகளுக்குள்தான்.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. நடுவழியில் இன்னொரு சாவடி போட்டால் என்ன ஆகும்? தகட்டின் ஓரத்தில் ஒரு வோல்ற்றுமானியின் கம்பியைத் தொடுத்துவிடுங்கள். நல்ல வோல்ற்றுமானி மின்னோட்டம் எடுக்காது, ஆகவே சுற்றை மாற்றாது என்றுதான் நாங்கள் படிப்பிக்கிறோம். இங்கே மாற்றும். ஓடிவந்த இலத்திரன்கள் அந்தத் தொடுப்புக்குள் இறங்குகின்றன, எந்தப் பக்கத்தில் இருந்து வந்தோம் என்பதை மறக்கின்றன, பிறகு சிலது முன்னோக்கியும் சிலது வந்த பக்கமும் வெளியேறுகின்றன. கம்பி எடுத்த நிகர மின்னோட்டம் பூச்சியம், ஆனால் ஓரத்தின் தடை 25.8இல் இருந்து 51.6 ஆகிவிட்டது. ஒவ்வோர் ஓரத்திலும் இரண்டு கம்பி தொடுத்தால் ஓரத்துக்கு மூன்று துண்டு. மூன்று துண்டு தொடராக 77.4, இரண்டு ஓரமும் சமாந்தரமாக 38.7 கிலோஓம். அளப்பதற்குத் தொட்டாலே தடை கூடுகிறது.

2007இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பேர்க்கில் லோரன்ஸ் மோலன்காம்ப்பின் குழு அளந்த தகட்டுக்கு இப்படி ஆறு தொடுப்பு. நான் சொன்ன 12.9 அங்கே ஒரே ஓரத்தில் அடுத்தடுத்த இரண்டு கம்பிகளுக்கு இடையே வந்தது. பாதி மின்னோட்டம் மட்டும் அந்த ஓரத்தால் போகிறது, நடுவில் ஒரு துண்டு 25.8. முழு மின்னோட்டத்தால் வகுத்தால் 12.9. 2009இல் அதே குழு தொடுப்புகளை வெவ்வேறு விதமாக வைத்து அளந்து, இந்தச் சாவடிக் கணக்கு பொருந்துகிறது என்று காட்டியது. மின்னோட்டம் ஓரத்தால்தான் போகிறது என்று நம்ப வைத்தது அதுதான்.

இதற்கு முந்திய அண்ணன்காரனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். 1980இல் கிளவுஸ் வொன் கிளிட்சிங் கிரெனோபிளில் பலத்த காந்தப்புலத்துக்குள் கண்டது குவாண்டம் ஹோல் விளைவு. அங்கே இலத்திரன்கள் கோயில் வீதியைச் சுற்றுவது போல எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றும். நடுச் சாவடியில் இறக்கினாலும் வெளியேற ஒரே வழிதான், ஆகவே எத்தனை கம்பி தொடுத்தாலும் கணக்கு மாறாது. காந்தப்புலமே வேண்டாம், ஸ்பின்னை வைத்து இரண்டு திசையையும் பிரிக்கலாம் என்று சார்ள்ஸ் கேனும் யூஜின் மெலேயும் 2005இல் எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது கிராஃபீன், அதாவது எங்கள் போகலச் சுரங்கத்துக் காரீயத்தில் ஓர் அணுத் தடிப்புள்ள ஒரே ஏடு. ஆனால் காபன் இலேசான அணு, அதில் ஸ்பின்னுக்கும் பாதைக்கும் உள்ள பிணைப்பு மிக மிகச் சிறியது. பாரமான அணு வேண்டும். 2006இல் பேர்னெவிக், ஹியூஸ், ஷாங் மூவரும் இரசமும் தெலூரியமும் சேர்ந்த ஏட்டைச் சொன்னார்கள். 6.3 நனோமீற்றரைவிட மெல்லியதென்றால் சாதாரணக் காவலி. அதைத் தாண்டினால் சக்திப் பட்டைகளின், அதாவது இலத்திரன்கள் இருக்கக்கூடிய சக்தி மட்டங்களின் கூட்டங்களின், வரிசை தலைகீழ், ஓரம் கடத்தும். வூர்ட்ஸ்பேர்க்கில் அளந்தது அதைத்தான்.

சரி, ஏன் திரும்ப முடியாது? ஓரத்தில் திசையும் ஸ்பின்னும் பூட்டப்பட்டவை, திரும்ப வேண்டுமென்றால் ஸ்பின்னும் தலைகீழாக வேண்டும், சாதாரண மாசு ஸ்பின்னைத் தொடாது. இத்துடன் பலர் நிறுத்துவார்கள். நானும் நிறுத்தியிருந்தேன். உங்கள் பொடியன் நிறுத்த மாட்டான் என்று நினைக்கிறேன். "பாரமான அணுக்களில் ஸ்பின் பாதையோடு சேர்ந்து திரும்பும் என்றீர்களே, மாசைச் சுற்றி வரும்போது அதுவும் மெல்லத் திரும்பிவிடாதா?" என்பான். திரும்பும். மாசை இடப்பக்கமாகச் சுற்றியும் திரும்பலாம், வலப்பக்கமாகச் சுற்றியும் திரும்பலாம். ஒன்றில் ஸ்பின் சக 180 பாகை, மற்றதில் சய 180. இரண்டுக்கும் வித்தியாசம் 360 பாகை.

360 பாகை என்றால் பழைய இடம்தானே? இலத்திரனுக்கு இல்லை. ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகு அதன் அலைக்கு முன்னால் ஒரு சய அடையாளம் வந்துவிடும். இரண்டு சுற்று முடிந்தால்தான் பழையபடி. நம்பாவிட்டால் வகுப்பில் ஒரு தட்டை எடுத்து உள்ளங்கையில் ஏந்தச் சொல்லுங்கள். கற்பூரம் கொளுத்த வேண்டாம், வெறும் தட்டுப் போதும். தட்டைச் சரிக்காமல் கமக்கட்டுக்குக் கீழால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் தட்டு பழைய நிலைக்கு வரும், கை முறுகி நிற்கும். அதே பக்கமாக இன்னொரு சுற்றுத் தலைக்கு மேலால் கொண்டுவந்தால் முறுக்கு அவிழ்ந்துவிடும். இது கையின் கதை, இலத்திரனின் நிரூபணம் அல்ல. ஆனால் இரண்டு சுற்று என்ற கணக்கு ஒன்றே. அதே அரை ஸ்பின் உள்ள நியூத்திரனில் 1975இல் அந்தச் சய அடையாளத்தை அளந்தும் விட்டார்கள்.

ஆகவே இடத்தால் திரும்பும் அலையும் வலத்தால் திரும்பும் அலையும் ஒன்றுக்கொன்று எதிரடையாளம். கூட்டினால் பூச்சியம். இலத்திரனை யாரும் மறிக்கவில்லை, திரும்பும் வழிகள்தான் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஆனால் மங்கனீசு போன்ற காந்த அணு ஒன்று நடுவில் இருந்தால் இடமும் வலமும் சமனாக இராது. அழிப்பு குழம்பும், இலத்திரன் திரும்பும்.

இன்னொரு பிழையையும் ஒப்புக்கொள்கிறேன். கிடங்கு இல்லை என்று மேலே எழுதியது ஒரு மைக்குரோமீற்றர் நீளம் வரைக்கும்தான். வூர்ட்ஸ்பேர்க்கிலேயே 20 மைக்குரோமீற்றர் தகட்டில் தடை மேலே ஏறிவிட்டது. காரணம் பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை. உட்பகுதியில் தேங்கி நிற்கும் இலத்திரன் குட்டைகள் மீது பலருக்குச் சந்தேகம். வாய்க்காலால் போகும் தண்ணீர் பக்கத்துக் குட்டைக்குள் புகுந்து சுழன்று வருவது போல, ஓரத்து இலத்திரன் அதற்குள் போய் ஸ்பின் மாறி வெளியே வருகிறது என்கிறார்கள். வொன் கிளிட்சிங் காந்தப்புலத்தில் கண்ட எண்ணும் அதே 25,812.8 ஓம்தான், ஆனால் அது பல தசமதானங்களுக்குச் சரியாக நிற்கும். எங்கள் ஓரத்து எண் சில சதவீதம் ஆடும்.

வடைக்கு வருகிறேன். தகட்டில் ஓட்டை இல்லை. 2016இல் தூலெஸ், ஹோல்டேன், கொஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு அறிவித்தபோது மேடையில் ஒருவர் பணிசும் ஓட்டை வைத்த பாணும் எடுத்துக் காட்டினார், அன்றிலிருந்து எழுதுகிற எல்லாரும் ஏதாவது பலகாரம் தேடுகிறோம். இனி வடையை விட்டுவிடுகிறேன். முறுகியிருப்பது தகடு அல்ல, இலத்திரன் அலைகளின் வரிசை. உள்ளே மேலே இருக்க வேண்டிய பட்டை கீழே, கீழே இருக்க வேண்டியது மேலே. வெளியே வெற்றிடத்தில் வரிசை சரி. உள்ளே இருந்து வெளியே வரும் இடத்தில் இரண்டு பட்டையும் ஒன்றையொன்று வெட்டிக் கடந்தேயாக வேண்டும். வெட்டும் இடத்தில் சக்தி இடைவெளி இல்லை, அங்கே கடத்தும். அந்த இடம்தான் ஓரம். தகட்டை எப்படி வெட்டினாலும் புது ஓரம் கடத்துவது இதனால்தான்.

பயன்? கிளிநொச்சிக் கடையில் விற்கும் எந்தப் போனிலும் இந்த ஓரம் இல்லை. 2007 அளவை நடந்தது ஒரு கெல்வினுக்கும் கீழே. 2018இல் தங்குதன் இருதெலுரைட்டின் ஒற்றை ஏட்டில் 100 கெல்வின் வரை கண்டார்கள், அதுவும் 100 நனோமீற்றர் அளவு நீளத்தில். 100 கெல்வின் என்றால் சய 173 பாகை. எங்கள் பங்குனி வெயிலுக்கு இன்னும் 200 பாகைக்கு மேல் ஏறவேண்டும். ஆனால் ஸ்பின்னை நம்பி ஓடும் மின்னோட்டம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துபோன சாமான்தான். 1988இல் ஃபேர்ட்டும் குருன்பேர்க்கும் தனித்தனியே கண்ட விளைவு (காந்தப்புலத்தால் தடை பெரிதாக மாறுவது), சுமார் பத்து வருடத்தில் கணினி ஹார்ட் டிஸ்க்கின் வாசிப்பு முனைக்குள் போய்விட்டது. தங்குதன் ஏட்டுக்கு மேல் காந்தப் படலம் வைத்து, ஏட்டில் போகும் மின்னோட்டத்தின் ஸ்பின்னால் அந்தக் காந்தத்தைப் புரட்டும் வேலையும் நடக்கிறது. மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம் செய்யத்தான். ஓரம் வருவதற்கு முன் இது வரும் என்பது என் கணிப்பு.

பிறகு, உங்கள் ஆய்வுகூடத்து மல்டிமீற்றரில் தெரியும் ஓம். 2019 முதல் பிளாங்கின் மாறிலியும் இலத்திரன் ஏற்றமும் நிலையான எண்கள். நாடுகள் தங்கள் ஓமைச் சரிபார்ப்பது வொன் கிளிட்சிங்கின் அந்த 25,812.8 ஓமை வைத்துத்தான். அதை உங்கள் பிள்ளைகள் இப்போது கையால் வகுத்துவிடுவார்கள்.

கடைசி வாங்குக்கு ஒரு கணக்கு. ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு கம்பி தொடுத்து, மறு ஓரத்தைச் சும்மா விட்டால் இரண்டு முனைக்கும் இடையே தடை எவ்வளவு? 19.4 கிலோஓம் வர வேண்டும். வராவிட்டால் அவனையே எழுதச் சொல்லுங்கள்.