பழைய கொர்வெட் காரில் ஏசி ப்ளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) எந்த வேகத்திலும் சுற்றவில்லை. மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

அவசரப்பட்டு மோட்டார் வாங்காதீர்கள். உங்களுடையது 1978 மாடல், கம்ப்ரஸர் ஓடுகிறது, காற்று மட்டும் துளியும் இல்லை என்கிறீர்கள். என்னிடமும் அதே தலைமுறைக் கார்தான், ஹூஸ்டன் வெயிலில் ஓடுகிறது. நானாக இருந்தால் முதலில் எர்த் ஒயரைத்தான், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் ஒயரைத்தான் பார்ப்பேன்.

கொர்வெட்டின் பாடி ஃபைபர்கிளாஸ். தகர பாடி உள்ள காரில் எர்த்துக்கு பாடியே போதும். இதில் அந்த வசதி கிடையாது, மோட்டார் கூட்டிலிருந்து தனி ஒயர் போக வேண்டும். நாற்பது வருஷத்துக்கும் மேலாக எஞ்சின் சூட்டில் கிடக்கும் அந்த ஒயரின் முனையில் பச்சை பூத்திருக்கும். பார்வைக்கு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், கரண்ட் போகாது.

சோதிப்பது சுலபம். பேட்டரி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் அதுவரை ஒயர் இழுக்க வேண்டாம். ஜம்பர் ஒயரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான ஒரு போல்ட்டிலும், மறுமுனையை மோட்டார் கூட்டிலும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ‘ஹை’ (முழு வேகம்) போடச் சொல்லுங்கள். சுற்றினால் கோளாறு எர்த்தில்தான். டெர்மினலை உப்புத்தாளால் தேய்த்து, முடிந்தால் புது ஒயரே போட்டுவிடுங்கள். அப்புறம் ப்ளோயர் ஓடும்போது மோட்டார் கூட்டுக்கும் பேட்டரி நெகடிவுக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் எங்கோ இணைப்பு சரியில்லை.

அதற்கும் அசையவில்லையா? மோட்டாருக்கு வரும் ஒயரில் 12 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். வோல்ட்டும் எர்த்தும் இருந்தும் சுற்றாவிட்டால்தான் மோட்டார் போய்விட்டது என்று அர்த்தம்.

வேறு மாதிரி தொல்லை உள்ளவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன்: ஹையில் மட்டும் ஓடினால், மற்ற வேகங்களுக்குக் கரண்டைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டரைப் பாருங்கள். ஹையில் மட்டும் ஓடாவிட்டால் ஹைக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே, அல்லது அதற்கான தனி ஃபியூஸ். ரெசிஸ்டரை வெளியே எடுத்துத் தொங்கவிட்டு ப்ளோயரை ஓட்டாதீர்கள். அதன் சுருள்களைக் குளிரவைப்பதே உள்ளே ஓடும் காற்றுதான், வெளியே இருந்தால் பழுக்கக் காய்ந்துவிடும்.

மோட்டாரையே மாற்ற வேண்டி வந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஏசியைக் குளிரவைக்கும் கேஸ் ஓடும் லைனைத் தொடவே வேண்டாம். இந்தக் கார்களுக்கான ஆர்-12 கேஸ் தயாரிப்பை அமெரிக்காவில் 1996-லேயே நிறுத்திவிட்டார்கள் என்பதால் இது பெரிய நிம்மதி. காற்று வரவில்லை என்றதும் ‘கேஸ் போட்டுப் பார்க்கலாம்’ என்று கிளம்பும் மெக்கானிக்கிடம் காரை விடாதீர்கள். கேஸ் குறைந்தால் காற்று சூடாக வரும், நிற்காது.

பழைய மோட்டாரைக் கழற்றும்போது ப்ளோயர் கூட்டிலிருந்து மோட்டாருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயைக் கவனியுங்கள். மோட்டாரைக் குளிரவைக்கும் காற்று அதன் வழியாகத்தான் வருகிறது. பழசாகி வெடித்திருந்தால் அந்த இடத்தில் டேப்பைச் சுற்றிச் சமாளிக்காமல் புதிதாகவே போடுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் புது மோட்டாரும் சீக்கிரமே கருகும்.