பெரியப்பா கொண்டுவந்த பெஜோ ஓடுமா?

சைக்கிள் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். 1970-களில் விடுமுறைக்கு வந்தபோது பிரான்சிலிருந்து ஒரு பெஜோ ரேஸ் சைக்கிள் கொண்டுவந்தார். அவர் காலமான பிறகு அது பின்கட்டில் தென்னை மட்டைகளோடு கிடந்தது. துரு ஏறிவிட்டது, பெடல் சுற்றவில்லை, டயர் தொட்டாலே உதிர்கிறது. தெருமுனைக் கடைக்காரர், "இதுக்குச் சாமான் கிடைக்காது, எடைக்குப் போட்டுடுங்க" என்கிறார். எனக்கு அதை ஓட்ட ஆசை. முடியுமா ஐயா?
குருசுக்குப்பம் வாசகர்

பதில்: தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள், தம்பி. நம் புதுச்சேரியில் சொல்தா குடும்பங்களின் பழைய வீடுகளில் இப்படிச் சில வண்டிகள் இன்னும் கிடக்கின்றன. ஒவ்வொன்றாக இரும்புக் கடைக்குப் போவதைப் பார்த்து வயிறு எரிகிறவன் நான். எஃகு ஃப்ரேம் சாதாரணமாகச் சாகாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது பிழைத்துக்கொள்ளும் என்றுதான் தோன்றுகிறது.

எந்த நெட்டிலும் கை வைக்காமல் முதலில் ஃப்ரேமைப் பாருங்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மேல் பாரும் கீழ் பாரும் ஹேண்டில் கழுத்தில் சேர்கிற இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். எங்காவது நேருக்கு நேர் மோதிய வண்டி என்றால் அங்கே குழாய் லேசாகப் புடைத்து, பெயிண்ட் குறுக்கே வெடித்திருக்கும். கண்ணுக்குத் தப்பும் புடைப்பு விரலுக்குத் தப்பாது. அப்புறம் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு நூல் பிடித்துப் பாருங்கள். சக்கரம் மாட்டும் வலது கொக்கியில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய்க் கழுத்துக் குழாயைச் சுற்றி, இடது கொக்கிக்குக் கொண்டுவந்து விறைப்பாகக் கட்டுங்கள். சீட்டுக் குழாயிலிருந்து இரண்டு பக்க நூலும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டும் சமம் என்றால் ஃப்ரேம் நேராக இருக்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டாம்.

துருவைப் பொறுத்தவரை, வெளியே தெரிவது பெரும்பாலும் மேல்தோல்தான். பயப்பட வேண்டிய துரு உள்ளே இருப்பது. சீட்டுக் கம்பியை உருவிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் கடைசியில் இறங்கித் தேங்கும் இடம் பி.பி. குழாய், அதாவது பெடல்களைச் சுற்றும் ஆக்சில் இருக்கும் அடிக்குழாய். அதன் அடிவயிற்றைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று அமுங்கினாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ காஸ் வெல்டிங் தெரிந்த நல்ல கை ஒன்றிடம் காட்டாமல் மேலே போகாதீர்கள்.

பெடல் சுற்றாததற்குக் காரணம், பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகிவிட்டது. பிரித்தால் சரியாகிவிடும். ஆனால் பிரிக்கிற இடத்தில்தான் பிரெஞ்சு வண்டிகள் நம் ஊரில் சாகின்றன. கடைக்காரர் சாமான் கிடைக்காது என்றதும் இதனால்தான். அவர் தப்பாகச் சொல்லவில்லை.

நம் இந்தியச் சைக்கிள்கள் ஆங்கில அளவில் வந்தவை. பிரெஞ்சுக்காரர்கள் வெகுகாலம் தங்களுக்கென்று தனி அளவு வைத்திருந்தார்கள். ஆங்கில வண்டியில் பி.பி.யின் வலது பக்கக் கப், அதாவது பால்ரஸ் உட்காரும் கிண்ணம், இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். நம் மெக்கானிக்குகளின் கைக்கு அது பழக்கம். உங்கள் பெஜோ 1970-களின் வண்டி என்பதால் பெரும்பாலும் 35 மில்லிமீட்டர் பிரெஞ்சு மரையாக இருக்கும். அதில் இரண்டு பக்கமும் வலது மரை. பழக்கத்தில் கடிகாரத் திசையில் திருகத் திருக, கப் இறுகிக்கொண்டே போகும். கழலவில்லையே என்று ஸ்பானரில் பைப்பைச் சொருகி இழுப்பார்கள், மரை போய்விடும். பிற்பாடு வந்த பெஜோக்களில் அதே 35 மில்லி அளவில் வலது பக்கம் மட்டும் இடது மரையாக உள்ள சுவிஸ் வகையும் உண்டு. அதனால் நான் சொல்வது இதுதான்: வலது கப்பைக் கழற்றவே வேண்டாம். இடது கப் எந்த வகையிலும் வலது மரைதான். அதை மட்டும் கழற்றி, ஆக்சிலை உருவி, வலது கப்பை இருக்கிற இடத்திலேயே மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பால்ரஸ் ஓடுகிற தடம் பளபளவென்று இருந்தால் போதும். பள்ளம் பள்ளமாக இருந்தால் மட்டும்தான் அதைத் தொடலாம், அதுவும் மரை எந்த வகை என்று தெரிந்த பிறகு.

ஆக்சிலை உருவ, கிராங்க்கை, அதாவது பெடல் மாட்டும் கையை, ஆக்சிலோடு பிடித்திருக்கும் காட்டர் பின் என்ற ஆப்பை எடுக்க வேண்டும். காட்டர் பின்னின் நெட்டை அந்தப் பின்னின் முனைக்குச் சமமாக வரும்வரை தளர்த்திவிட்டு, கிராங்க்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் பால்ரஸில் இறங்கி, கப்பில் பள்ளம் விழும். கனமான சுத்தியலால் ஒரே அடி, நேராக, யோசித்து. சின்னச் சுத்தியலால் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தால் பின் வளைந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். பிரெஞ்சுப் பின் பெரும்பாலும் 9 மில்லி, ஆங்கிலப் பின் 9.5. லேத் பட்டறையில் அரை மில்லி கடைந்து தருவார்கள், பெரிய வேலை இல்லை.

இதே கதைதான் மற்ற இடங்களிலும். பெடல் மரை அவர்களுக்கு 14 மில்லி, நமக்கு அதைவிடச் சற்றுப் பெரிது. பழைய பெடல் தண்டில் டி, ஜி என்று பிரெஞ்சு எழுத்து அடித்திருக்கும்: டி வலது, ஜி இடது. அந்தப் பெடல்களைத் தூக்கிப் போடாதீர்கள். பிரித்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து அதையே மாட்டுங்கள். பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலும் அப்படித்தான். ஆங்கில அளவு ஃப்ரீவீல் பிரெஞ்சு ஹப்பில் சுலபமாக ஏறும், அதுதான் ஆபத்து. லொடலொடவென்று ஏறி, ஒரு மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது மரையை வழித்துக்கொண்டு சுற்றும். பழைய ஃப்ரீவீலை ஒரு இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் பெரும்பாலும் திரும்ப ஓட ஆரம்பித்துவிடும்.

ஹப்பில் பால்ரஸை முழுசாக மாற்றிவிடுங்கள். பின் ஹப்பில் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது, கால் இன்ச் அளவு. பழையதை எண்ணிவிட்டு அதே எண்ணிக்கை போடுங்கள், பழையதோடு புதிதைக் கலக்க வேண்டாம். ஸ்பானர் இல்லாமல் லீவரால் மாட்டிக் கழற்றும் குயிக் ரிலீஸ் சக்கரம் என்றால், பால்ரஸை அழுத்திப் பிடிக்கும் கோனை ரொம்ப இறுக்காதீர்கள். லேசான ஆட்டம் இருக்கட்டும். லீவரை மடக்கி இறுக்கும்போது அந்த ஆட்டம் மறைந்துவிடும்.

கியர் மாற்றும் பாகத்தில் சிம்ப்ளெக்ஸ் என்று பெயர் இருந்தால், அது பிளாஸ்டிக் வகையா என்று பாருங்கள். அந்தக் கால சிம்ப்ளெக்ஸ் டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் வந்தது. வயதானால் மாட்டுகிற இடத்தில் விரிசல் விடும். விரிசல் இருந்தால் இரக்கம் பார்க்காமல் மாற்றுங்கள். ஓடும்போது உடைந்தால் பின்சக்கரக் கம்பிகளுக்குள் போய் மாட்டும். பிரேக் கேபிளும் பிரேக் கட்டையும் கேட்கவே வேண்டாம், எல்லாம் புதிது. அந்த ரிம் குரோம் பூசிய இரும்பு ரிம்மாக இருந்தால், மழையில் பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகையில் அதை எடுக்காதீர்கள்.

ஓட விட்ட பிறகு பாலிஷ் போடலாம். முதல் ஓட்டத்துக்குக் கடற்கரைச் சாலை நல்லது, மாலையில் மோட்டார் வண்டிகளை விடமாட்டார்கள். கிளம்பும் முன் கையில் ஒரு ஸ்பானர் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக அடித்த காட்டர் பின் சிறிது தூரம் மிதித்ததும் உட்காரும், அப்போது நெட்டை மறுபடி இறுக்க வேண்டும்.

கேள்வி: பழைய ரேஸ் சைக்கிளுக்கு 28 இன்ச் டயர் என்றார்கள். கடையில் 28 என்று போட்ட டயரை வாங்கினேன். ரிம்மில் லொடலொடவென்று நிற்கிறது. டயர் மோசமா, ரிம் மோசமா?
திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

பதில்: இரண்டுமே நல்லதுதான், ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. நம் ஊர் பெரிய சைக்கிளின் 28க்கு 1½ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். ரேஸ் சைக்கிளின் 700சி ரிம் 622. இதையும் சிலர் 28 என்றுதான் சொல்வார்கள். நடுவில் 27 இன்ச் என்று இன்னொன்று, 630. பெயரில் 27 என்றிருந்தாலும் அது 28 என்று சொல்லப்படும் 622-ஐவிடப் பெரிது! இன்ச் கணக்கை நம்பினால் இப்படித்தான் ஆகும். டயர் பக்கவாட்டில் 32-622 மாதிரி ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது எண் ரிம் விட்டம். அதை மட்டும் பாருங்கள்.

உங்கள் ரிம் 622 என்றால் யோகம்தான். இப்போது வருகிற ஹைபிரிட் சைக்கிள்களுக்கும் அதே அளவு என்பதால் கடலூரிலேயே டயர் கிடைக்கும். 28 அல்லது 32 அகலம் வாங்குங்கள், நம் சாலைக்கு அதற்குக் குறைந்து வேண்டாம். பழைய ரிம்மின் உள் விளிம்பில் டயரைப் பிடிக்கும் கொக்கி மடிப்பு இருக்காது. அதனால் டயரில் எவ்வளவு எழுதியிருந்தாலும் காற்றை 60, 65 பி.எஸ்.ஐ.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வால்வு ஓட்டை சின்னதாக இருந்தால் அதற்கேற்ற மெல்லிய வால்வு டியூப் கேட்டு வாங்குங்கள். டிரில் போட்டு ஓட்டையைப் பெரிதாக்கச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: 2024 டிசம்பர் தென்பெண்ணை வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் சைக்கிளும் மூழ்கிவிட்டது. மேலோட்டமாகக் கழுவி வைத்தேன். இப்போது சீட்டுக் கம்பி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெல்டிங் கடையில் சூடு பண்ணலாமா?
மஞ்சக்குப்பம் வாசகி

பதில்: அம்மா, காந்தத்தை வைத்து அந்தக் கம்பியைச் சோதித்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. துரு கரைக்கும் எண்ணெயை மூன்று நான்கு நாள் விட்டு ஊறவைத்து, சீட்டைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினால் பெரும்பாலும் அசைந்துவிடும்.

ஒட்டவில்லை என்றால் அலுமினியம். எஃகுக் குழாய்க்குள் அலுமினியம் இருந்து, ஈரமும் உப்பும் சேர்ந்தால், அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து ஊதிக்கொள்ளும். தேவனாம்பட்டினம் பக்கத்துக் காற்றே இதற்குப் போதும், வெள்ளம் வேறு. இதற்குச் சூடு கூடாது. எஃகைவிட அலுமினியம் அதிகம் விரியும், சூடு பட்டால் இன்னும் இறுகும். பெயிண்டும் போய்விடும். குளிர்ச்சிதான் வேண்டும். சீட்டு போல்ட்டை முழுசாகக் கழற்றிவிட்டு, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பி.பி. பக்கமிருந்து சீட்டுக் குழாய்க்குள் எண்ணெய் விடுங்கள். இரண்டு நாள் கழித்து வண்டியை நிமிர்த்தி, வெளியே தெரியும் கம்பியைச் சுற்றி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கட்டுங்கள். நன்றாகச் சில்லிட்டதும் ஒருவர் ஃப்ரேமைப் பிடிக்க, ஒருவர் சீட்டைத் திருப்புங்கள். மேலே இழுக்க வேண்டாம், முதலில் திரும்பட்டும். அசைந்தால் மீண்டும் எண்ணெய், மீண்டும் திருப்பல்.

காஸ்டிக் சோடா ஊற்றி அலுமினியத்தைக் கரைக்கும் வித்தை ஒன்று உண்டு. அது வேலை செய்யும். ஆனால் பொங்கித் தெறிக்கும், ஹைட்ரஜன் வாயு வரும், ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். வீட்டில் வேண்டவே வேண்டாம். அதற்குப் பதிலாகக் கம்பியை மேலே வெட்டிவிட்டு, ஆக்சா பிளேடால் உள்ளிருந்து நெடுக அறுத்து எடுக்கும் பொறுமைசாலி மெக்கானிக் ஒருவரைத் தேடுங்கள்.

இன்னொன்று. வெள்ளத்து வண்டல் ஹப், பி.பி., கழுத்து மூன்றுக்குள்ளும் போயிருக்கும். மேலே கழுவியதால் அது போகாது. ஓட்டுவதற்கு முன் முழு ஓவராயில் பண்ணியே ஆக வேண்டும்.

கேள்வி: குரோம் ஹேண்டில்பாரில் துருப் புள்ளிகள். உப்புத்தாள் போடலாமா?
லாஸ்பேட்டை கல்லூரி மாணவர்

பதில்: போடாதீர்கள், குரோமே போய்விடும். சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். கறுப்புச் சகதி வரும், துடைத்துவிட்டு மறுபடி தேயுங்கள். புள்ளி மறைந்த இடத்தில் நுண்ணிய குழி இருக்கும், அதில் ஈரம் இறங்காமல் மெழுகு தடவி வையுங்கள்.

கேள்வி: 1980-களின் ரேஸ் சைக்கிள் ஃப்ரேமுக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்துப் புத்தம் புதிதாக்க நினைக்கிறேன்.
நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: பெயிண்ட் பாதிக்கு மேல் போய், துரு எங்கும் பரவியிருந்தால் செய்யுங்கள். அப்போதும் மணல் ஊதுகிறவரிடம் இது மெல்லிய குழாய், கேட் கம்பி இல்லை என்று நேரில் நின்று சொல்லுங்கள். மரைகளை எல்லாம் அடைக்கச் சொல்லுங்கள். அடைக்காவிட்டால் பி.பி. கப் ஏறாது. அடுப்புச் சூட்டால் ஃப்ரேம் பலவீனமாகும் என்று பயப்பட வேண்டாம். பித்தளை ஒட்டு உருகும் சூட்டுக்கு அது பக்கத்தில்கூட வராது.

பெயிண்ட் முக்கால்வாசி நன்றாக இருந்தால், தயவுசெய்து கை வைக்காதீர்கள். ஸ்டிக்கரும், கழுத்துக் குழாயின் முத்திரையும், யாரோ தூரிகையால் இழுத்த கோடும் ஒருமுறை போனால் திரும்பக் கிடைக்காது. வண்டியின் வயதைச் சொல்லும் அடையாளமும் அவைதான். துரு உள்ள இடத்தை மட்டும் சுரண்டி, பிரைமர் வைத்து, அதே நிறத்தைத் தொட்டு வையுங்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். தெரிந்தால் என்ன, சரிதானே?

கேள்வி: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
பாகூர் வாசகி

பதில்: வேண்டாம், நாளாக ஆகப் பிசினாகிவிடும். மோட்டார் கடையில் கிடைக்கும் வேஸ்ட் ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புத் தூள் இருக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும், வாரம் ஒருமுறை. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னால் சுற்றிவிட்டு, வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் மணல் ஒட்டும். பழைய செயின் என்றால் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னிலிருந்து இன்னொரு பின் வரை 12 இன்ச் இருக்க வேண்டியது 12⅛ ஆகியிருந்தால் எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். கியர் சைக்கிள் என்றால் கடையில் அதைச் சொல்லிக் கேளுங்கள், சாதாரண சைக்கிளின் அகலமான செயின் அதில் ஓடாது.