கதை முடிந்த பிறகு ஆசிரியர் சொல்வது கதையில் சேருமா?

புத்தகத்தில் இல்லாததை ஆசிரியர் பிறகு சொன்னால் ஏற்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை வெறும் அறிவிப்பு போதாது, அது கதைக்குள் வந்து உட்கார வேண்டும்.

ஹாரி பாட்டரின் கடைசிப் புத்தகம் 2007 ஜூலையில் வந்தது. அக்டோபரில் நியூயார்க்கில், ஒரு வாசகரின் கேள்விக்கு, கதையில் மந்திரப் பள்ளியின் தலைமையாசிரியராக வரும் டம்பிள்டோர் தன்பாலின ஈர்ப்பு உடையவர் என்றார் நூலாசிரியர் ரௌலிங். கிரின்டெல்வால்டு என்ற மந்திரவாதியுடன் டம்பிள்டோருக்கு இளவயதில் இருந்த நட்போடு அது பொருந்தவே செய்கிறது. ஆனாலும் ஏழு புத்தகங்களிலும் அது வெளிப்படையாக இல்லை.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் செய்தது வேறு. 1937-இல் வந்த அவருடைய 'ஹாபிட்' நாவலில், கதாநாயகன் பில்போவுடனான விடுகதைப் போட்டியில் தோற்ற கோல்லம் என்ற குகைவாசி தன் மோதிரத்தைப் பரிசாகத் தரவே நினைக்கிறான். அது காணாமல் போனதும் மன்னிப்புக் கேட்டு, வெளியேற வழி காட்டுகிறான். அடுத்த கதையான 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை எழுதும்போதோ, அந்த மோதிரம் லேசில் யாரும் விட்டுக்கொடுக்க முடியாத கொடிய பொருளாகிவிட்டது. அதனால் 'ஹாபிட்'டின் 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதினார். சரி, பழைய பதிப்பைப் படித்தவர்கள்? அது பில்போ சொன்ன பொய் என்று அடுத்த நாவலுக்குள்ளேயே காரணம் வைத்தார். மோதிரம் அவனை அப்போதே கெடுக்கத் தொடங்கியதற்கு அந்தப் பொய்யே அடையாளம். முரண்பாட்டையே கதையாக்கிய அந்த வேலை எனக்கு இன்றும் வியப்புதான்.