பள்ளிக்கு நிதி திரட்ட, உணவை வைத்துப் புதுமையாக என்ன செய்யலாம்?

அரசு நடுநிலைப் பள்ளி, கழிப்பறைக்கும் குடிநீருக்கும் பணம் வேண்டும், வழக்கமான உணவுத் திருவிழாவைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். மூன்று வருடத்தில் மூன்று விதமாகச் செய்து பார்த்தோம். முதல் தடவை கையைச் சுட்டுக்கொண்டோம். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

அந்த வருடம் தண்ணீர் மோட்டாருக்கும் குழாய்க்கும் 48,000 ரூபாய் தேவைப்பட்டது. டவுனில் தனியார் பள்ளிகள் செய்வதைப் பார்த்து, நாங்களும் 'உணவுத் திருவிழா' என்று நோட்டீஸ் அடித்தோம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், இருபது அம்மாக்கள், இருபது மேசை. யார் என்ன சமைப்பது என்று பேசிக்கொள்ளவே இல்லை. போய்ப் பார்த்தால் ஏழு மேசையில் எலுமிச்சைச் சோறு, நாலில் பஜ்ஜி. வாங்க வந்தவர்கள் யார்? அதே அம்மாக்களும் அவர்கள் வீட்டு ஆட்களும்தான். நாங்களே சமைத்து, நாங்களே காசு கொடுத்துச் சாப்பிட்டோம். விற்றது 14,300 ரூபாய். சாமான் செலவு என்று அவரவர் எடுத்துக்கொண்டது 7,000. பந்தல், மேசை, மைக்செட் வாடகை 5,800. கையில் நின்றது 1,500. "மோட்டாருக்கு ஒரு மூடி வாங்கலாம்" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடித்தார்.

பணம்கூடப் பரவாயில்லை. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பணியார மேசைக்கு எதிரே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில் காசில்லை, அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். டீச்சர் ஒருவர் கவனித்து வாங்கிக் கொடுத்தார். அவனைப் போல இன்னும் எத்தனை பேர் நின்றார்கள் என்று நாங்கள் யாரும் எண்ணவில்லை. காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் காசு கேட்காமல் தட்டில் விழுகிற இடம் அது. அங்கே போய் காசுள்ள பிள்ளை தின்ன, இல்லாத பிள்ளை பார்க்க ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அதற்குத் திருவிழா என்று பெயர் வைத்திருந்தோம். அடுத்த வருடம் குழுக் கூட்டத்தில் போட்ட முதல் தீர்மானம், எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பதுதான்.

அதற்கு வழி மலேசியாவிலிருந்து வந்தது. என் சித்தி மகள் கிள்ளானில் இருக்கிறாள். அங்கே தமிழ்ப் பள்ளி, சீனப் பள்ளி பலவற்றிலும் 'ஹரி கந்தின்' என்று ஒரு நாள் நடத்துவார்கள், நம் மொழியில் கேன்டீன் நாள். சில வாரங்களுக்கு முன்பே கூப்பன் புத்தகம் அச்சடித்து, பெற்றோர், உறவினர், அக்கம்பக்கம் என்று விற்றுவிடுகிறார்கள். அன்றைக்குக் கடைகளில் காசு செல்லாது, கூப்பன்தான். அடுப்புப் பற்றவைக்கும் முன்பே பணம் எண்ணி முடிந்திருக்கும், எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். "கிழிக்காமல் வீட்டில் கிடக்கிற கூப்பனும் பள்ளிக்குத்தான் லாபம்" என்று சிரித்தாள்.

சரி, செய்வோம் என்று பத்து ரூபாய் டோக்கன் ஐந்து வைத்து, 50 ரூபாய்ப் புத்தகமாக அடித்தோம். ஒரு மாற்றம் மட்டும் செய்தோம். பிள்ளைகளை விற்க அனுப்பவில்லை. 'நீ எத்தனை விற்றாய்' என்ற போட்டி வந்தால், விற்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அது இன்னொரு தண்டனை. பால் சொசைட்டியிலும் டீக்கடையிலும் நாங்களே விற்றோம். அப்புறம் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிற பழைய மாணவர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னோம். அவர்கள் 180 புத்தகம் வாங்கினார்கள். வந்து சாப்பிட முடியாதே, அந்த டோக்கனை என்ன செய்வது? எங்கள் பள்ளியில் 140 பிள்ளைகள். ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்துவிட்டோம். எது இலவசம், எது அப்பா வாங்கியது என்று பார்த்தால் தெரியாது, எல்லாம் ஒரே மஞ்சள் அட்டை. மொத்தம் 640 புத்தகம் விற்று 32,000 ரூபாய் வந்தது.

இனிச் செலவுப் பக்கம். ஊரில் பணம் கேட்டால் பத்தும் இருபதும்தான் வரும். அதே வீட்டில் பொருளாகக் கேட்டுப் பாருங்கள். பத்துத் தேங்காய், ஒரு வாழைத்தார், இரண்டு படி கம்பு என்று கை தாராளமாக நீளும். விளைந்ததைக் கொடுக்கிறவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. இது நாங்கள் கண்டுபிடித்ததும் இல்லை. விருதுநகர் சத்திரிய வித்யாசாலா பள்ளி பிடி அரிசியில் வளர்ந்தது. உலை வைக்கும்போது வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். காமராசர் படித்தது அந்தப் பள்ளியில்தான். அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் தொடங்கிய மதிய உணவுக்கும் முதலில் ஊர்க்காரர்களின் பங்கு சேர்ந்தே இருந்தது.

அதைக் கேள்விப்பட்டு நாங்களும் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பிடி அரிசி என்று இரண்டு மாதம் சேர்த்தோம். ரேஷன் அரிசி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம், அதை விற்பனைக்குத் திருப்பினால் வழக்கில் போய் நிற்கும். ஆனால் வேறொரு சிக்கலை யாருமே யோசிக்கவில்லை. வந்தது பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி, போன வருட நெல் என்று எல்லாம் கலந்த அரிசி. ஒரு பானையில் போட்டால் ஒன்று குழையும், ஒன்று விதையாக நிற்கும். சமையல் மாஸ்டர் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "இது சோறாகாது ஆத்தா, அரைச்சுப்புடுங்க" என்றார். உளுந்து சேர்த்து அரைத்தோம். அதுதான் பணியாரமானது.

பணியாரத்தில் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஒரு கல்லில் ஏழு குழி. வேக நாலு நிமிடம். ஆளுக்கு ஐந்து என்றால் இருபது பேருக்குக் கொடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். வாசலுக்குப் பக்கத்தில் அந்த அடுப்பைப் போட்டிருந்தோம், அறுபது பேர் வரிசையில் நின்று மற்ற கடைகளுக்கு வழியே இல்லாமல் போயிற்று. ஆறு வீட்டிலிருந்து ஆறு கல் ஓடி வந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஆகவே எதைச் சமைக்கலாம் என்று முடிவு செய்யும்போது ருசியைவிட வேகத்தைப் பாருங்கள். கம்மங்கூழும் சுண்டலும் அள்ளிக் கொடுத்தால் தீர்ந்தது. ஒரு கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் நிற்கும், சின்னத் தொன்னையில் 28 பேருக்கு வரும். தேங்காயை மட்டும் முன்னாலேயே கலந்து வைக்காதீர்கள், வெயிலில் மத்தியானத்துக்குள் ஊசிவிடும். கூழுக்கு மோர், சின்ன வெங்காயம், மோர்மிளகாய் இருந்தால் போதும். பஜ்ஜிக்கு எண்ணெய் விலையே லாபத்தைக் குடித்துவிடுகிறது, அதை விட்டுவிட்டோம். டோக்கன் எண்ணி வரவு செலவு எழுதியது எட்டாம் வகுப்பு. அவர்கள் பாடத்தில் லாபம் நட்டம் வருகிறது, தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏலத்தையும் மறக்காதீர்கள். நான் பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். அங்கே சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தால் முதல் முட்டை, முதல் முருங்கைக்காய், சேவல், பூசணி என்று கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம். ஐந்து ரூபாய் முட்டை ஐந்நூறுக்குப் போகும், எடுத்தவர் அதை மறுபடி ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். இங்கே வடகாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆறு பலாப்பழம் கொடுத்தார். ஐந்தைச் சுளையாக விற்றோம். கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்ட இரண்டு பாட்டிகள் அரைமணியில் உரித்துத் தள்ளிவிட்டார்கள். ஆறாவதை ஏலம் விட்டோம். ஒரே பேட்ச்சில் படித்த இரண்டு பேருக்கு நடுவே வீம்பு ஏறி, பழம் 2,300 ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் திருப்பிக் கொடுக்க, இரண்டாம் முறை 1,900. பலாக்கொட்டையைக்கூட விடவில்லை, கிலோ போட்டு விற்றோம். மற்ற ஏலமும் சேர்த்து 8,700. எல்லாச் செலவும் 6,200. ஆக நிகரமாக 34,500 நின்றது. பழைய 1,500-ஐயும் சேர்த்து மோட்டார் இறங்கியது, மீதி 12,000-க்குப் பைப் கடைக்காரர் தவணை கொடுத்தார்.

விதிமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழுவில் தீர்மானம், தலைமை ஆசிரியர் வழியாக அனுமதி, பணம் எல்லாம் குழுவின் வங்கிக் கணக்கில், ஆசிரியர்கள் கையில் ஒரு ரூபாய்கூட வேண்டாம். இது அவர்கள் பாதுகாப்புக்காக. உணவுப் பாதுகாப்பில் தற்காலிகக் கடைக்கும் பதிவு உண்டு, சிறு வியாபாரிகளுக்கான அந்தப் பதிவுக்கு அப்போது நாங்கள் கட்டியது 100 ரூபாய். கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-ல் விதி வந்துவிட்டது. அதனால் கூல்டிரிங்ஸ், சிப்ஸ் பாக்கெட்டுக்கு இடமில்லை. பிளாஸ்டிக் கப்பும் கூடாது, தமிழ்நாட்டில் 2019-லிருந்தே தடை. தொன்னையும் மந்தாரை இலையும் போதும். செய்தித்தாளில் வைத்துக் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் வருடம் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கள் பக்கம், அதாவது ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, அந்தப் பக்கம் பேராவூரணி வரை, ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பணம் தேவைப்படுகிறவர், பல சமயம் நாலைந்து பேர் சேர்ந்து, பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடுவார். சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். அவர்கள் விருந்து வைக்கும்போது இவர் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும், முடிந்தால் மேலே கொஞ்சம் போட்டு. வட்டியில்லாக் கடன் என்று சொல்லலாம், ஆனால் நோட்டைப் பத்திரமாகப் பூட்டி வைப்பார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு மொய் விருந்து வைத்தால் என்ன என்று நான் கேட்டதும் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாதது இங்கே பெரிய கேவலம். பள்ளிக்கூடம் யாருக்கு எப்படித் திருப்பும்? கடைசியில் பத்திரிகையிலேயே 'இது திரும்பாத மொய்' என்று கொட்டை எழுத்தில் போட்டோம். கறி கிடையாது என்றும் போட்டோம், ஏனென்றால் நானூறு பேருக்கு ஆட்டுக்கறி வாங்கினால் வருகிற மொய் கசாப்புக் கடைக்கே போய்விடும். சாம்பார், பலாக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்ட கூட்டு, வடை, பாயசம். "கறி இல்லாமல் ஒரு மொய் விருந்தா" என்று முனகாதவர் இல்லை, வராதவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை 420 இலை விழுந்தது. அரிசி, தேங்காய், காய் எல்லாம் பொருளாக வந்ததால் இலைக்கு 40 ரூபாய்க்குள் முடிந்தது. பிள்ளைகளுக்கு முதல் பந்தி. அவர்களிடம் மொய் கிடையாது. மொய் எழுதியது கையெழுத்து நன்றாக இருக்கிற ஐந்து பேர், எல்லாம் ஏழாவது எட்டாவது.

வந்தது 1,12,000 ரூபாய். பைப் கடைப் பாக்கியைத் தீர்த்து, குடிநீர் வடிகட்டியும் இரண்டு வகுப்புக்கு மின்விசிறியும் வாங்கினோம். நோட்டு தலைமை ஆசிரியர் பீரோவில் இருக்கிறது. திரும்பாத மொய் என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டாலும் ஊர்ப் பழக்கம் விடுமா? மறுமாதமே ஒரு தாத்தா தலைமை ஆசிரியரிடம் பத்திரிகையோடு வந்து, "ஐயா, உங்களுக்கு ஐந்நூறு எழுதியிருக்கிறேன், பேத்தி கல்யாணத்துக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐயா போனார். சொந்தக் காசில் 101 எழுதினார். அதைப் பார்த்து மற்றவர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள், இந்த ஆவணியில் அவர் கையில் பதினோரு பத்திரிகை.