நிஜ செல் இருக்க, டூப்ளிகேட் எதுக்கு?

கேள்வி: பாக்டீரியா மேல இருக்கிற எல்.பி.எஸ். (லிப்போபாலிசாக்கரைடு, கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தது) மூலக்கூறு நம்ம செல் சவ்வை என்ன பண்ணுதுன்னு பாக்க, லேப்ல செயற்கை சவ்வு செய்றாங்களாமே. நிஜ செல்லையே வெச்சு பாத்தா என்ன?
- ஒரு கல்லூரி மாணவி

பதில்: பாக்கலாம்மா, ஆனா ஒண்ணும் புரியாது. நிஜ செல் சவ்வு சந்தைக்கடை மாதிரி, புரோட்டீன், கொலஸ்ட்ரால், சர்க்கரைச் சங்கிலின்னு ஒரே கூட்டம், அதுல யாரு யாரை இடிச்சாங்கன்னு எப்படி சொல்றது? அதான் வெறும் லிப்பிடை, அதாவது சவ்வோட கொழுப்பு மூலக்கூறை மட்டும் எடுத்து தண்ணில கலக்குறாங்க, அது தானாவே ரெண்டடுக்கா சேர்ந்து குட்டி உருண்டை ஆயிடும். பேரு லைப்போசோம், 1960கள்ல அலெக் பாங்கம் கண்டுபிடிச்சது. சவ்வோட தடிமன் 4, 5 நானோமீட்டர்தான்!

இப்ப எல்.பி.எஸ்.ஸுக்கு வருவோம். வெளிப்பக்கம் சர்க்கரைச் சங்கிலி, அடியில லிப்பிட் ஏங்கிற கொழுப்புப் பகுதி, ஈ.கோலைங்கிற குடல் பாக்டீரியால பொதுவா இதுக்கு 6 கொழுப்பு வால் இருக்கும், அந்த வாலுக்கு தண்ணின்னாலே ஆகாது, அதனால ஒண்ணு தங்களுக்குள்ளயே கொத்தா சேர்ந்துக்கும், இல்லன்னா பக்கத்துல இருக்கிற சவ்வுக்குள்ள சொருகிக்கும், சொருகினா அங்க லிப்பிடுங்க அடுக்கியிருக்கிற விதமே மாறிடலாம். இன்னொண்ணு, எல்.பி.எஸ்.ல பாஸ்பேட் இருக்கு, அது நெகட்டிவ் சார்ஜ், அதனால பக்கத்து பக்கத்து மூலக்கூறுங்க ஒண்ணை ஒண்ணு தள்ளும், நடுவுல கால்சியமும் மெக்னீசியமும் புகுந்து பசை மாதிரி பிடிச்சு வெக்கும். பாலிமிக்ஸின் ஆன்டிபயாட்டிக் இந்தப் பசையத்தான் முதல்ல கழட்டி விடுது (எனக்கு ரொம்பப் பிடிச்ச டெக்னிக்!).

ஆனா வெறும் லிப்பிட் உருண்டைல, எல்.பி.எஸ்.ஸை அடையாளம் கண்டு செல்லுக்கு எச்சரிக்கை கொடுக்கிற டி.எல்.ஆர்.4 ரிசப்டர் கிடையாது, அதனால காய்ச்சல், வீக்கம் எப்படி ஆரம்பிக்குதுன்னு பாக்கணும்னா நிஜ செல்லுக்குத்தான் போகணும்.