ரிமூவ் பண்ணினாலும் திரும்ப வர்ற எக்ஸ்டென்ஷன்

தம்பி, லெப்டொப்ல "வைரஸ் இருக்கு"ன்னு மெசேஜ் வருது, குரோம்ல ஒரு எக்ஸ்டென்ஷன் (குரோமோட சேர்ந்து ஓடுற சின்ன புரோகிராம்) ரிமூவ் பண்ணினாலும் திரும்ப வருது, பம்பலப்பிட்டி கடையில ஃபோமட் அடிக்கணும்னு (எல்லாத்தையும் அழிச்சு புதுசா போடணும்னு) சொன்னாங்கன்னு போட்டிருக்கீங்க, கொஞ்சம் பொறுங்க, அவசரப்பட்டு குடுத்துடாதீங்க. நீங்க சொல்றதுல ரெண்டு பிரச்சின இருக்கு.

வலது பக்கம் கீழ் மூலையில "வைரஸ் இருக்கு"ன்னு வர்றது பெரும்பாலும் வைரஸே இல்ல. எங்கயோ ஒரு சைட்ல "ரோபோ இல்லன்னா அலவ் அமத்துங்க"ன்னு கேட்டிருப்பான், அமத்தியிருப்பீங்க. குரோம் செட்டிங்ஸ்ல சைட் செட்டிங்ஸ் போய் நோட்டிபிகேஷன்ஸ்ல தெரியாத சைட் எல்லாத்தையும் தூக்குங்க.

தூக்கினாலும் திரும்ப வர்ற எக்ஸ்டென்ஷன்தான் உண்மையான தலையிடி. குரோம் மெனுவுக்கு அடியில "மெனேஜ்ட் பை யுவர் ஓர்கனைசேஷன்"னு (உங்கட நிறுவனம் இத கட்டுப்படுத்துதுன்னு) காட்டுதுன்னீங்க, வீட்டு லெப்டொப்புக்கு எந்த ஓர்கனைசேஷன்? ஒஃபிஸ் லெப்டொப்னா மட்டும் இதுல கை வைக்காதீங்க.

மொதல்ல குரோம் சிங்க்க (கூகுள் எக்கவுண்ட்ல சேமிச்சத லெப்டொப்புக்கு கொண்டு வர்றத) ஓஃப் பண்ணுங்க, இல்லாட்டி எக்கவுண்ட்ல இருந்தே அது திரும்ப இறங்கும். பிறகு கன்ட்ரோல் பெனல்ல தேதிப்படி பாத்து, பிரச்சின தொடங்கின நேரம் ஏறின தெரியாத புரோகிராம அன்இன்ஸ்டோல் பண்ணிட்டு, மால்வேர்பைட்ஸ்காரங்கட அட்வ்கிளீனர் (இப்படியான வேண்டாத புரோகிராம தேடித் தூக்குற டூல்), ஃப்ரீதான், அவங்கட சொந்த சைட்ல எடுத்து ஓட்டுங்க, வேற டவுன்லோட் சைட்ல எடுத்தா அதுலயே இன்னொண்டு ஏறிடும். அதுக்கப்புறமும் வந்தா ரெஜெடிட் (விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி செட்டிங்ஸ திருத்துற டூல்) திறந்து, எச்கேஎல்எம் (HKEY_LOCAL_MACHINE), சொஃப்ட்வெயார், பாலிசீஸ், கூகுள், குரோம் போங்க, எச்கேசியூலயும் (HKEY_CURRENT_USER) அதே வழி பாருங்க, எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டோல் ஃபோர்ஸ்லிஸ்ட்னு (எக்ஸ்டென்ஷன கட்டாயமா ஏத்தச் சொல்ற லிஸ்ட்) ஃபோல்டர் இருந்தா, பேக்கப்புக்கு எக்ஸ்போர்ட் பண்ணி வச்சிட்டு அழிங்க. ரீஸ்டார்ட் பண்ணினதும் அது மறுபடி முளைச்சா டாஸ்க் ஷெடியூலர்ல (புரோகிராம்கள தானா ஓட வைக்கிற விண்டோஸ் டூல்) ஏதோ ஓடுது, அந்த ஸ்கிரீன்ஷொட்ட இங்க போடுங்க பாப்பம்.

பேங்க் பாஸ்வேர்ட ஃபோன்ல இருந்து மாத்துங்க, அந்த லெப்டொப்ல வேணாம்.