துக்கத்துக்குக் கெடு உண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இழப்பைப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில், எப்படிச் சுற்றிக் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: “நான் சரியாகத்தான் துக்கப்படுகிறேனா?”

அப்பா இறந்து நான்கு மாதம் ஆகிறது. துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, கோபம் வந்தே தீரும் என்கிறார்கள். எனக்குக் கோபமே வரவில்லை. உள்ளுக்குள் அடக்கி வைத்திருக்கிறேனோ?

வரவில்லை என்றால் வரவில்லை, அவ்வளவுதான். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற அந்த வரிசையை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-ல் எழுதினார். அவர் உட்கார்ந்து பேசியது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம். உறவைப் பறிகொடுத்தவர்களிடம் அல்ல. பிற்பாடுதான் அது எல்லாத் துக்கத்துக்கும் பொதுவான படிக்கட்டு ஆகிவிட்டது. சிலருக்குக் கோபம் வரும், சிலருக்கு வெறும் களைப்பு. நோயாளியை நெடுநாள் பார்த்துக்கொண்டவர்களுக்கு நிம்மதிகூட வரும், அதிலும் தப்பில்லை. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு துக்கத்தில் இருப்பவருக்கு மதிப்பெண் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

அம்மா போய் மூன்று வாரம்தான். நேற்று தோழியோடு பேசும்போது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இரவெல்லாம் தூங்கவில்லை.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷூட் இருவரும் 1999-ல் சொன்னது உங்களுக்கு உதவும். துக்கப்படுபவர் ஒரு நேரம் இழப்புக்குள் இருக்கிறார். இன்னொரு நேரம் வேலை, வங்கிக் கணக்கு, நாளைய பாடு என்று அதைவிட்டு விலகி நிற்கிறார். ஊசல்போல இரண்டுக்கும் இடையே போய்வருவதுதான் தேறுகிற வழி. அந்தச் சிரிப்பு உங்கள் மனம் எடுத்துக்கொண்ட ஓய்வு.

கணவர் இறந்து எட்டு மாதம். சாயங்காலம் அவர் செருப்புச் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. பிள்ளைகளிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.

அம்மா, உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. முதலில் அதை நம்புங்கள். வேல்ஸில் மருத்துவராக இருந்த டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரைச் சந்தித்து 1971-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள். சிலர் பார்த்தும் கேட்டும் இருந்தார்கள். பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. ஆனால், உங்களைப்போலவே பலரும் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இத்தனை வருடம் அந்த நேரத்துக்கு அந்தச் சத்தத்தை எதிர்பார்த்துப் பழகிய காது அது, ஒரே நாளில் மறக்குமா? இறந்தவரிடமிருந்து மனத்தைப் பிரித்தெடுத்தால்தான் துக்கம் தீரும் என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டு 1917-ல் எழுதினார். அந்தப் பார்வையைத் துக்க ஆய்வாளர் டென்னிஸ் கிளாஸும் அவரோடு பணிசெய்தவர்களும் 1996-ல் மாற்றினார்கள்: உறவு அறுந்துபோக வேண்டியதில்லை, வேறு வடிவத்தில் தொடரலாம் என்றார்கள். நான் அந்தக் கட்சிதான். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்களுக்கும் இதுபோல ஏதாவது இருக்கலாம். கேட்கும் குரல் உங்களை மிரட்டினாலோ, உயிரை விடச் சொன்னாலோ மட்டும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அக்காவின் மகன் இறந்து இரண்டு வருடம். அக்கா இன்னும் அவன் அறையைவிட்டு வெளியே வருவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. காலம் ஆற்றிவிடும் என்று காத்திருக்கலாமா?

இனியும் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலோருக்குக் காலம் ஆற்றுகிறது. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஆற்றுவதில்லை. பிள்ளையை இழந்தவர்களிடமும், திடீர் மரணத்தையோ கொடூரமான மரணத்தையோ சந்தித்தவர்களிடமும் அது இன்னும் அதிகம். இதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி இழப்புக்குப் பின் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-ல் சேர்த்த வரையறைப்படி பெரியவர்களுக்கு 12 மாதம். மாதக் கணக்கு மட்டும் போதாது. தீராத ஏக்கம் அநேகமாகத் தினமும் இருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கை முடங்கியிருக்க வேண்டும்.

இதுவும் மனச்சோர்வும் ஒன்றல்ல, இரண்டும் சேர்ந்தும் வரலாம். மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் இதற்கென்றே 16 அமர்வுகள் கொண்ட பேச்சு சிகிச்சையை உருவாக்கினார். 2016-ல் வெளிவந்த அவர் குழுவின் ஆய்வில், கூடவே கொடுத்த மாத்திரை மனச்சோர்வைக் குறைக்க உதவியது. துக்கத்தைத் தணித்தது பேச்சு சிகிச்சைதான். ஆகவே துக்கத்தைக் கையாளத் தெரிந்த மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ தேடுங்கள். ‘அவனோடு போய்விடுகிறேன்’ என்று அக்கா சொன்னால் ஒரு நாளும் தள்ளாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். அப்புறம், “இன்னுமா?” என்று யாரும் அவரிடம் கேட்க வேண்டாம். பையனின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

ஐந்து வயது மகனிடம் “பாட்டி தூங்குகிறார்” என்று சொல்லிவிட்டோம். இப்போது அவன் தூங்கவே பயப்படுகிறான்.

சொன்னதை மாற்றிச் சொல்லுங்கள். “பாட்டி இறந்துவிட்டார். அவர் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. இனி வரமாட்டார். தூக்கம் வேறு, இது வேறு.” இந்த வயதில் மரணம் நிரந்தரம் என்பது சட்டென்று பிடிபடாது. நாளைக்கும் “பாட்டி எப்போது வருவார்?” என்று கேட்பான், அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவன் முன்னால் அழுகை வந்தால் அழலாம். “பாட்டி ஞாபகம் வந்துவிட்டது” என்று காரணத்தையும் சொல்லிவிடுங்கள், தன்னால்தான் அழுகிறீர்கள் என்று அவன் நினைத்துக்கொள்ளாமல் இருக்க.